வாரேனுங்க சொல்லி நின்றவர்

சொல்லிவிட்டு நிற்பார். "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு, தோள்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாசலிலேயே நிற்பார், என்னோடு வேலை பார்த்த அந்த அம்மணி. "செரிங்க, போயிட்டு வாங்க" என்று யாராவது ஒருவர் சொன்னால்தான் அந்தக் கால் படியில் இறங்கும். முதலாளி போனில் இருந்தால் அந்தப் பேச்சு முடியும்வரை நிற்பார். நான் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தால் நான் நிமிரும்வரை நிற்பார். போத்தனூர் பஸ் போனால் போகட்டும். ஆறேகால் பஸ்ஸை இப்படிக் கோட்டைவிட்டு, அடுத்த பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போன நாட்கள் உண்டு. அவற்றில் சில நாட்களில் நான் வேண்டுமென்றே நிமிராமல் இருந்தேன். விளையாட்டுக்குத்தான்.

அந்த விளையாட்டை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது.

ஆவாரம்பாளையத்தில், பம்ப்செட் மோட்டாருக்கு ஷாப்ட் கடைந்து தரும் ஒரு லேத் பட்டறைக்கு மேலே எங்கள் ஆபீஸ். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கீழே லேத் ஓடினால் மேலே டம்ளரில் தண்ணீர் நடுங்கும். சுவரில், நாற்காலியில், சோற்று டப்பாவில்கூட கட்டிங் ஆயில் வாசனை. அவர் ஒரு திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்தார். நான் அதே வாரம் வியாழக்கிழமை. என்னைவிட மூன்று நாள் சீனியர் என்று முதலாளி கிண்டல் செய்வார். முதலாளி பவுண்டரிக் குடும்பத்துப் பிள்ளை. இரும்பு உருக்குவதில் அலுத்துப்போய், போனை எடுத்துத் தானாகப் பேசுகிற கம்ப்யூட்டர் செய்து விற்பதாகக் கிளம்பியவர். நாங்கள் இரண்டு பேரும்தான் அவருடைய மொத்தப் பட்டாளம்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. போன் லைனைக் கம்ப்யூட்டரோடு கோர்க்கிற ஓர் அட்டை. அட்டைக்கு ஒரு டிரைவர் புரோகிராம். மெஷினைப் போட்டதும் அதை ஏற்றிவிட்டால் நினைவகத்தில் படுத்துக்கொள்ளும். நாங்கள் எழுதுகிற புரோகிராமுக்குப் போன் வேண்டுமென்றால் அட்டையை நேரே தொட முடியாது. டிரைவரிடம் போய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரே வாசல், இன்டரப்ட். ஒரு குறிப்பிட்ட எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால், கம்ப்யூட்டர் கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு அந்த எண்ணுக்கு எதிரே எழுதியிருக்கும் முகவரிக்கு ஓடும். அங்கே டிரைவர் இருக்கும். எனக்கு இத்தனை போன் கால் வேண்டும், வருகிற செய்திகளை நான் ஒதுக்கியிருக்கிற இந்த இடத்தில் போடு என்று சொன்னால், அது ஓர் எண்ணைக் கொடுக்கும். அதன்பிறகு அந்த எண்தான் உங்கள் பெயர். வேலை முடிந்து கிளம்பும்போது அதே வாசலுக்கு வந்து எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மொத்தம் எட்டே இடம். எட்டும் நிறைந்துவிட்டால் அடுத்து வருபவருக்குக் கிடைப்பது பூஜ்யம்.

என் முதல் புரோகிராம் கூப்பிட்ட உடனேயே மெஷின் கல்லாகிவிட்டது. விசைப்பலகையும் செத்துவிட்டது. நான் அட்டையைத் திட்டினேன், அட்டையை விற்றவனைத் திட்டினேன். அவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து பார்த்தார்.

"டிரைவர ஏத்தவே இல்லீங்களே நீங்க."

"அதுக்கு மெஷினே நின்னுபோகுமாங்க?"

"ஆளில்லாத ஊட்டு வாசல்ல போய் நின்னு கூப்புட்டா வேறென்னங்க ஆகும்? கூப்பிடறதுக்கு முன்னால உள்ள ஆளு இருக்கறாங்களான்னு ஒருக்கா எட்டிப் பாக்கோணுமுங்க."

அந்த முகவரிக்குப் பக்கத்தில் டிரைவர் தன் பெயரைச் சில எழுத்தில் எழுதி வைத்திருக்கும். அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அவருடைய புரோகிராம் கூப்பிடும். இருந்தால் பதிவு. வேலை. நன்றி. விடை. பிறகுதான் வெளியே வரும். "அம்மணி, உங்க புரோகிராம் வந்தனம் சொல்லி முடிக்கறதுக்குள்ள பேச வந்தவன் போன வெச்சுட்டுப் போயிருவானுங்க" என்பார் முதலாளி. அம்மணி சிரிப்பார். பதில் பேசமாட்டார். எழுதியதை மாற்றவும் மாட்டார்.

போனை முதலில் கீழே வைக்கமாட்டார். எதிர்முனை வைத்த சத்தம் கேட்டபிறகே வைப்பார். மத்தியானம் அவர் அம்மா கூப்பிடுவார். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். பேச்சு இரண்டு நிமிடம் நடக்கும், வைப்பது ஐந்து நிமிடம் நடக்கும். அம்மாவும் அதே ஜாதிப் பிறவி. மகள் வைக்கட்டும் என்று அவரும் காத்திருப்பார். இரண்டு பேரும் பேசாமல் ஆளுக்கொரு ரிசீவரைக் காதில் வைத்திருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர் முகம் அப்போது, மழை வருமா என்று ஓட்டு விளிம்பில் நின்று பார்ப்பவர் முகம்போல இருக்கும்.

அதற்கு ஒரு கதை சொன்னார்கள். கட்டினவன் ஒருநாள் காலையில் பாலக்காட்டு ரயிலுக்குச் சொல்லாமல் போனவன், வரவே இல்லை. அன்றிலிருந்து இந்தப் பெண் இப்படி என்று. நானே ஒருநாள் நயமாகக் கேட்டேன். "அய்யோ, அதெல்லாம் இல்லீங்க. எங்கூட்டுல பூனைகூட இப்படித்தானுங்க" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஒரு காரணம் இருந்து, அது காயமாக இருந்து, அதனால் ஒரு மனுஷி மரியாதையாக இருக்கிறாள் என்பதைவிட, சும்மா அப்படி இருக்கிறாள் என்பது எவ்வளவு பெரிய விஷயம்.

பஸ்ஸில் துண்டு போடமாட்டார். ஜன்னல் வழியாகக் கைக்குட்டையோ துண்டோ டிபன் பையோ உள்ளே எறிந்து இடம் பிடிப்பது எங்கள் ஊரில் எல்லாரும் செய்வது. துண்டு கிடந்தால் அது ஆள் உட்கார்ந்த மாதிரி, யாரும் தொடமாட்டார்கள். ஒருநாள் உக்கடத்தில் நானும் அவரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். ஒரு சீட்டில் காசித்துண்டு கிடந்தது. துண்டுக்காரர் பஸ் கிளம்பும்வரை வரவே இல்லை, பிறகும் வரவில்லை. இவர் அந்தச் சீட்டுக்குப் பக்கத்திலேயே போத்தனூர்வரைக்கும் நின்றுகொண்டு வந்தார்.

"எடுத்துப் போட்டுட்டு உக்காருங்க. ஆளுதான் இல்லையல்லங்க."

"வந்துட்டாங்கன்னா?"

"ஓடற பஸ்ல எங்கிருந்துங்க வருவாங்க?"

"இருக்கட்டுமுங்க" என்றார். அந்தத் துண்டு காற்றில் சற்று நகர்ந்தது. அதையும் ஒழுங்கு பண்ணி விட்டார்.

பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு கோழிக்குஞ்சுப் பொரிப்பகம் எங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. ஒரே கம்ப்யூட்டர், இரண்டு வேலை. பகல் முழுக்க வியாபாரிகள் போன் செய்து அன்றைய குஞ்சு விலையையும் குஞ்சு இறங்கும் நாளையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அது என்னுடைய புரோகிராம். இன்னொன்று, முட்டைகளை அடைகாக்கும் அறையில் சூடு ஏறினாலோ இறங்கினாலோ கம்ப்யூட்டர் தானாகவே பண்ணைக்காரருக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். அது அவருடையது. அறையில் சூட்டை அளக்க ஓர் உணரி. அவருடைய புரோகிராம் சின்னது. அடியில் சத்தமில்லாமல் கிடந்து, நிமிடத்துக்கு ஒருதரம் கண்ணைத் திறந்து சூட்டைப் பார்க்கும். தப்பாக இருந்தால் எழுந்து டிரைவரிடம் போய்ப் பதியும், எண் வாங்கும், போன் பண்ணும், சொல்லும், எண்ணைக் கொடுத்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும்.

"எதுக்குங்க ஒவ்வொரு தடவையும் பதிஞ்சு, திருப்பிக் குடுத்து?" என்று நான் கேட்டேன். "மெஷின் போட்டதுமே ஒரு எடத்தப் புடிச்சு வெச்சுக்கலாமல்லங்க?"

"துண்டு போட்டு வெக்கச் சொல்றீங்களா?"

"எட்டு எடம் இருக்குதுங்க. நம்மது ரெண்டே ரெண்டு புரோகிராமு."

"வேணுங்கறப்ப கேட்டா குடுக்கப் போறாங்க. வேண்டாதப்ப எதுக்குங்க ஒரு எடத்த அடைச்சுட்டு?"

நான் விட்டுவிட்டேன். அன்றைக்கே, என் திரையை எட்டிப் பார்த்து அவர் ஒன்று கேட்டார்.

"உங்குளுதுல பிரேக் அமுத்தி யாராச்சும் வெளிய வந்தாங்கன்னா, எண்ணத் திருப்பிக் குடுக்குதுங்களா?"

கொடுக்காது. முறையாக மெனு வழியாக வெளியேறினால் மட்டும்தான் என் புரோகிராம் விடைசொல்லும். பிரேக் விசையை அழுத்தி நடுவில் முறித்தால் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டே செத்துப்போகும். டிரைவருக்கு அது செத்தது தெரியாது. அதன் இடத்தை அதற்கே வைத்துக்கொண்டு காத்திருக்கும்.

"எவன் பிரேக் அமுத்தப் போறானுங்க?" என்றேன்.

"அமுத்துவாங்க" என்றார். ஒரு துண்டுக் காகிதத்தில் ஏழு வரி எழுதிக் கொடுத்தார். பிரேக் வந்தால் பிடித்து, எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறுகிற ஏழு வரி. குண்டு குண்டான, பள்ளிக்கூடத்து எழுத்து. "நாளைக்குப் போட்டர்றனுங்க" என்று சொல்லி, மறந்துவிடக்கூடாதே என்று, மேசைக் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்கு நேரே வைத்தேன். கண்ணுக்கு நேரே இருப்பதுதான் முதலில் மறைகிறது. ஒரு வாரத்தில் அது மேசையின் நிறமாகிவிட்டது.

பொரிப்பகத்தில் மாட்டிக் காட்டிய நாள் நன்றாக இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். பண்ணைக்காரர் கவுண்டர், அறுபதை நெருங்கும் மனிதர், கொதிக்கிற டீ டம்ளரை உணரியில் ஒட்டிப் பிடித்தார். பக்கத்து அறையில் போன் அடித்தது. எடுத்தார். உள்ளே எங்கள் அம்மணி பதிந்து வைத்திருந்த குரல்: "வணக்கமுங்க. முட்டை ரூம்புல சூடு ஏறுதுங்க. ஒருக்கா வந்து பாத்துருங்க. கேட்டுச்சுன்னா செரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க." சொல்லிவிட்டு நின்றது. எதிர்முனையில் ஏதாவது குரல் கேட்கும்வரை போனை வைக்காது. கேட்காவிட்டால் மறுபடியும் வணக்கத்திலிருந்து தொடங்கும். அப்படித்தான் எழுதியிருந்தார். வேறெப்படி எழுதுவார்?

கவுண்டர் சிரித்துவிட்டார். "செரி அம்மணி, செரி! வாரேன்! ஊட்டு மருமக கூப்புடறாப்டியே இருக்குதுங்களே." அன்று சாயங்காலமே முட்டை அறையில் இருந்த பழைய அபாய மணியின் ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். அது சும்மா சும்மா அலறித் தொல்லை கொடுத்ததாம். இனிமேல் எதற்கு, அம்மணியே போன் பண்ணிச் சொல்லுமே.

அங்கே ஒரு சூப்பர்வைசர் இருந்தார். தினமும் காலையில் கம்ப்யூட்டருக்கு விபூதி இட்டு, கும்பிட்டு, அப்புறம் சுவிட்சை ஒருதரம் அணைத்துப் போடுவார். ராத்திரியும் அப்படியே ஒருதரம் அணைத்துப் போட்டு, ஓடவிட்டுப் போவார். அணைத்துப் போட்டால் டிரைவரின் எட்டு இடமும் துடைத்துவிட்ட சிலேட்டு மாதிரி காலியாகிவிடும். பகலில் டெலிவரி சீட்டு அடிக்க வேண்டும் என்றால் என் புரோகிராமை மெனு வழியாக மூடப் பொறுமை இல்லாமல் பிரேக்கை அழுத்தி வெளியே வருவார். ஒவ்வொரு முறையும் ஓர் இடம் போகும். அடுத்த சுவிட்ச் எல்லாவற்றையும் அழித்து என்னைக் காப்பாற்றும். என் பிழையை ஒரு மனிதரின் பக்தி பல மாதம் மூடி வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

கவுண்டரின் மகளுக்கு அன்னூரில் கல்யாணம். பொரிப்பகத்தில் காவலாள் ஒருவரை விட்டுவிட்டு மற்ற எல்லாரும் அங்கே. கல்யாணம் முடிகிறவரைக்கும் கம்ப்யூட்டரை அணைக்கவே கூடாது, போன் வராமல் போய்விடும் என்று கவுண்டர் உத்தரவு. சூப்பர்வைசர் அந்த வாரம் சுவிட்சைத் தொடவில்லை. விபூதி மட்டும் இட்டார். கல்யாண மண்டபத்து மேனேஜர் அறை போன் நம்பரை எங்கள் ஆள் முதல்நாளே போய்ப் புரோகிராமில் போட்டு வைத்திருந்தார்.

முகூர்த்தத்துக்கு நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம். நாதஸ்வரம், சந்தனம், எங்கே பார்த்தாலும் கவுண்டரின் ஒறம்பரை, சொந்தபந்தம். அவர் பட்டுச்சேலையில் வந்திருந்தார், ஆனால் பந்தலில் உட்காரவில்லை. மேனேஜர் அறை வாசலில், போன் தெரிகிற மாதிரி ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"என்னங் அம்மணி, பொண்ணு மாப்பிள்ளையப் பாக்க வேண்டாமுங்களா? போனையே பாத்துட்டு?" என்றார் முதலாளி.

"சத்தம் பெருசா இருக்குதல்லங்க. அடிச்சாத் தெரியாமப் போயிருமுங்க."

சாப்பிடப் போகும்போது என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போனார். "வாரேனுங்க" என்று சொல்லி நின்றார். "போயிட்டு வாங்க" என்றேன். அரை வயிற்றில் எழுந்து ஓடி வந்தவர் மாதிரி சீக்கிரமே திரும்பினார்.

"வரலீங்களே?"

"வரலீங்க."

"நல்லதுங்க" என்றார். உட்கார்ந்தார். முகத்தில் ஒரு நிறைவு. மூன்று மணிவரை அந்தப் போன் அடிக்கவே இல்லை. அடிக்காத போனைப் பார்த்து ஒரு மனுஷி சந்தோஷமாக இருந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அதே நேரம் பல்லடத்தில் அடைகாக்கும் பெட்டியின் விசிறி பெல்ட் அறுந்து, அறை வெந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் கல்யாணத்திலிருந்து திரும்பியவர்கள் அறையைத் திறந்து பார்த்துச் சொல்லியனுப்ப, மறுநாள் முதலாளி எங்கள் இருவரையும் காரில் அழைத்துக்கொண்டு போனார். அறையின் கதவைத் திறந்தபோது வந்த வாடையை என்னால் எழுத முடியாது. அடுக்கு அடுக்காகத் தட்டு, தட்டு தட்டாக முட்டை. வெளியே பார்க்க அப்படியே, வெள்ளையாக, ஒழுங்காக இருந்தன. பார்க்க ஒன்றுமே ஆகாததுபோல இருந்ததுதான் தாங்க முடியவில்லை.

எங்கள் ஆள் நேரே கம்ப்யூட்டரிடம் போனார். அது அணைக்கப்படாமல் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய புரோகிராம் சூட்டைப் பார்த்திருக்கிறது. டிரைவரிடம் போய்க் கேட்டிருக்கிறது. பூஜ்யம். நிமிடத்துக்கு ஒருதரம், ஐந்து மணி நேரமாக, மரியாதையாக, போய்க் கேட்டுக் கேட்டுத் திரும்பியிருக்கிறது. கதவை இடிக்க அதற்குத் தெரியாது. அவர் அதற்குச் சொல்லித் தரவில்லை.

டிரைவரின் நினைவகத்தைத் திரையில் விரித்தார். எட்டு இடம். எட்டும் நிறைந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே, பதிந்தவர் செய்திக்காக ஒதுக்கிய முகவரி. எட்டும் ஒரே முகவரி. என்னுடையது. நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எட்டு சீட்டில் எட்டுத் துண்டு கிடந்தது, எல்லாம் என் துண்டு.

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. சூப்பர்வைசரைத்தான் பார்த்தார்.

"ஏனுங்க, ஒரு வாரமா அணைக்கவே இல்லீங்களா?"

"இல்லீங் அம்மணி. மொதலாளி சொல்லிப்போட்டாருங்களே. சீட்டு அடிக்க மட்டும் பிரேக்க அமுத்தி வெளிய வருவனுங்க."

"செரிங்க" என்றார் மெதுவாக. தன் கையாலேயே சுவிட்சை அணைத்தார். திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. எட்டு சாட்சியும் அதோடு போயிற்று.

கவுண்டர் அறைக்குள்ளிருந்து ஒரு முட்டையைக் கொண்டுவந்து மேசை விளிம்பில் தட்டி உடைத்தார். உள்ளே குஞ்சு. முழுக்குஞ்சு. ஈர மயிர், மூடிய கண், அலகு. "இன்னம் மூணு நாள்ல கத்தியிருக்குமுங்க" என்றார். அவர் கோபப்பட்டிருக்கலாம், ஆனால் குரல் அழுதது. "எம்புள்ள கண்ணாலத்தன்னிக்கு இத்தன உசுரு. அம்மணி, நீங்க கூப்புடுவீங்கன்னுதானுங்களே நான் மணிய அத்து உட்டேன். யாரு தப்புங்க இது?"

"என்ற தப்புங்க" என்றார் அவர். "மொதல்லயே ஒரு எடத்தப் புடிச்சு வெச்சிருக்கோணுமுங்க. நான் புடிக்கல. கேக்கறப்ப எட்டும் நெறஞ்சு போயிருந்துச்சுங்க."

"யாரு நெறச்சது?"

அவர் பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அந்த நிற்பை அறிவேன். அது பதிலுக்குக் காத்திருக்கிற நிற்பு. அந்த அறையில் அந்தப் பதில் இருந்த ஒரே வாய் என்னுடையது. நான் உடைந்த முட்டையைப் பார்த்தேன். ஓட்டின் உட்புறத்தில் மெல்லிய ரத்தக் குழாய்கள், கொடிபோலப் படர்ந்து. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி முந்திக்கொண்டார். "அம்மணி போட்ட டிசைனே தப்புங்க. நாங்க மாத்தித் தந்தர்றமுங்க."

அந்தக் குரல் இனிமேல் என் போனில் கேட்கக்கூடாது, அந்த அம்மணி இந்தப் படி ஏறக்கூடாது என்றார் கவுண்டர். அவ்வளவுதான். பல்லடத்துப் பண்ணைகள் எல்லாம் அவர் சொன்னால் கேட்கும். முதலாளிக்கு அவர் வேண்டும். அந்த வாரக் கடைசியில் எங்கள் ஆளைப் போகச் சொல்லிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை அவர் தன் புரோகிராம்கள் எல்லாவற்றையும் பிளாப்பியில் போட்டு, மேலே பெயர் எழுதி ஒட்டி, அடுக்கி வைத்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். முதலாளியிடம் சொல்லிக்கொண்டார். "செரிங் அம்மணி, பாத்துப் போங்க" என்றார் முதலாளி, பேப்பரைத் தழைக்காமல். கீழே பட்டறைக்குப் போய் லேத்துக்காரரிடம்கூடச் சொல்லிவிட்டு மேலே ஏறி வந்தார். கடைசியாக என் மேசைக்கு வந்தார்.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்தத் துண்டுக் காகிதம் இருந்தது. ஏழு வரி. அவர் கண் அதில் ஒரு கணம் தங்கியது. பிறகு என்மேல்.

"வாரேனுங்க" என்றார்.

நின்றார்.

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவரும் நானும் மட்டும் அறிந்த ஒரு வாக்கியம். அதைச் சொல்லியிருந்தால் அவர் பையைக் கீழே வைத்திருப்பாரோ என்னவோ. அதைச் சொல்லாமல் "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொல்வது, கொலை செய்துவிட்டுக் கும்பிடு போடுவது மாதிரி இருந்தது. அதனால் ஒன்றும் சொல்லவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ தட்டினேன். கீழே லேத் ஒரு ஷாப்ட்டைக் கடைந்து முடித்து நின்றது. அந்த அமைதியில் அவர் மூச்சு விடுவது கேட்டது. லேத் மறுபடி ஓடத் தொடங்கியது. மறுபடி நின்றது. ஆறேகால் பஸ் போயிருக்கும். அடுத்ததும் போயிருக்கும்.

பிறகு செருப்புச் சத்தம் படியில் இறங்கியது. பதில் வாங்காமல் அவர் இறங்கிய படி, எனக்குத் தெரிந்து, அந்த ஒன்றுதான்.

அன்றைக்கே அந்த ஏழு வரியையும் என் புரோகிராமில் போட்டேன். நான்கு நிமிடம் ஆயிற்று. அடுத்த வாரம், ஜன்னலோரத்தில் இருந்த அவருடைய மேசை எனக்கு வந்தது. பொரிப்பகத்து அபாய போனுக்கு வேறு ஒரு குரலைப் பதிந்தோம். அது சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுப் பட்டென்று வைத்துவிடும்.

ஒரு மாதம் தூக்கம் பிடிக்காமல் அலைந்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போத்தனூருக்குப் பஸ் ஏறினேன். சொல்லிவிடுவது என்று. அவரிடம், அவர் அம்மாவிடம், மறுநாள் முதலாளியிடம், கவுண்டரிடம். வரிசைகூடப் போட்டு வைத்திருந்தேன். ரயில்வே லைனுக்கு அந்தப்பக்கம் ஓட்டுவீடு. பூட்டு தொங்கியது. பூட்டின்மேல் அதற்குள்ளாகவே தூசு. "ஏனுங்க" என்று கூப்பிட்டேன். ஆளில்லாத வீட்டு வாசலில் நின்று மூன்று முறை கூப்பிட்டேன்.

பக்கத்து வீட்டம்மா முறத்தோடு வெளியே வந்தார்.

"ஆரு வேணுமுங்க?"

சொன்னேன்.

"காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களே. இருவது நாளாச்சு."

"எங்கீங்க?"

"அதான் தெரியலீங்க. அம்மாளும் புள்ளையும் விடியாலையே சாமானத்த ஏத்திட்டுப் போயிருக்கறாங்க. சொல்லிக்கவே இல்லீங்க. எனக்கு மனசு கேக்கவே மாட்டேங்குது, தம்பி. அந்தப் புள்ள முக்குக் கடைக்கு உப்பு வாங்கப் போனாக்கூட இங்க வந்து 'வாரேனுங்கக்கா'ன்னு சொல்லிட்டு நிக்கும். நான் சோத்த வடிச்சுட்டு வந்து 'போயிட்டு வா கண்ணு' சொல்ற வரைக்கும் நிக்கும். அந்தப் புள்ளைக்கு அப்படி என்னங்க ஆயிருக்கும்?"

அந்தக் கேள்விக்கும் பதில் என்னிடம் இருந்தது. வாய்வரை வந்தது. உள்ளே குக்கர் விசிலடித்தது. அந்தம்மா முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

"வாரேனுங்க" என்றேன், திறந்து கிடந்த கதவைப் பார்த்து.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. போகவும் முடியாமல், வெயிலில், இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.